கார்ல போகும்போதே இ-சைக்கிள் பேட்டரிய சார்ஜ் போடுறது எப்படி

மொதல்ல ஒண்ண கிளியர் பண்ணிடுறேன், நம்ம ஊர்ல பைக்னு சொன்னா எல்லாரும் பல்சரு புல்லட்டுன்னு நினைச்சுக்குவாங்க, நான் சொல்றது பெடல் போட்டு மிதிக்கிற இ-சைக்கிள். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் ஸ்பீட் தாண்டினா மோட்டார் தானா கட் ஆயிடும், ரிஜிஸ்ட்ரேஷன் லைசென்ஸ் எதுவும் வேணாம், அந்த டைப்பு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிய இப்படி போடலாமான்னு எங்க அபார்ட்மெண்ட்ல ஒருத்தர் கேட்டாரு. வேணாம் சார் விட்டுடுங்க, அதுக்கு 2-லேர்ந்து 4 யூனிட் வரைக்கும் கரண்ட் வேணும், கார் சாக்கெட் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்ல பத்துல ஒரு பங்குதான் தரும், சென்னைலேர்ந்து டெல்லி வரைக்கும் ஓட்டினாதான் அது ரொம்பும்.

எங்க வீட்ல ரெண்டு இ-சைக்கிள், ஒரு சின்ன பெட்ரோல் கார், பின்னாடி டிக்கில மாட்டுற சைக்கிள் கேரியர். மாசத்துக்கு ஒரு தடவயாவது ஈசிஆர்ல கெளம்பிடுவோம். இதுல ஒரு உண்மைய ஒத்துக்கணும், பாதி ட்ரிப்ல கார்ல சார்ஜ் போட வேண்டிய அவசியமே வராது. முந்தின நாள் நைட்டு வீட்லயே ஃபுல்லா ஏத்திட்டு கெளம்பினா போதும், போற எடத்துல லாட்ஜ் ரூம்ல ஒரு ப்ளக் இருக்கும். கார் சார்ஜிங் எப்போ கை கொடுக்கும்னா, ஒரே நாள்ல ரெண்டு எடத்துல ஓட்டுறீங்க பாருங்க, அப்பதான். காலைல மகாபலிபுரத்துல ஒரு ரவுண்டு, அப்புறம் கார்ல பாண்டி, சாயந்தரம் ஆரோவில் செம்மண் ரோட்ல ஒரு ரவுண்டு. நடுவுல இருக்கிற அந்த ரெண்டு மணி நேர டிரைவ்தான் நம்ம சார்ஜிங் டைம், இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் இதுலேர்ந்துதான் வருது.

சரி, கணக்குக்கு வருவோம், கொஞ்சம் போர்தான் ஆனா இத விட்டா ஃபியூஸ் போயிடும். உங்க சார்ஜர திருப்பி அடியில பாருங்க, பொடி எழுத்துல அவுட்புட் 42 வோல்ட் 2 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கும். 36 வோல்ட் பேட்டரின்னா உள்ள 10 செல் வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணும் ஃபுல் ஆனா 4.2 வோல்ட், அதான் 42. பேட்டரி 48 வோல்ட்னா 13 செல், சார்ஜர்ல 54.6-ன்னு இருக்கும். இப்ப 42-ஐ 2-ஆல பெருக்குங்க, 84 வாட். இது பேட்டரிக்குள்ள போறது மட்டும்தான். சார்ஜர் சூடாகிறதுல கொஞ்சம் போகும், கார் கரண்ட்ட வீட்டு கரண்ட் மாதிரி 230 வோல்ட்டா மாத்துற இன்வெர்ட்டர் சூடாகிறதுல கொஞ்சம் போகும், எல்லாம் சேத்து கார்லேர்ந்து சுமாரா 110 வாட் இழுக்கும், வண்டி ஓடும்போது 14 வோல்ட் கிட்ட இருக்கும்ங்கிறதால அது 8 ஆம்ப்ஸ்.

கார்ல அந்த லைட்டர் சாக்கெட் மூடி மேலயே பல வண்டில 12 வோல்ட் 120 வாட்டுன்னு எழுதியிருக்கும். அதாவது 10 ஆம்ப்ஸ். 8 ஆம்ப்ஸ் அதுக்குள்ள அடங்கிடுது, அதனால 36 வோல்ட் 2 ஆம்ப்ஸ் சார்ஜர் வச்சிருக்கவங்க நிம்மதியா போடலாம். அதே பேட்டரிக்கு சீக்கிரம் ஏறட்டும்னு 3 ஆம்ப்ஸ் சார்ஜர் வாங்கி வச்சிருந்தீங்கன்னா 12 ஆம்ப்ஸ் வந்துடும், 10 ஆம்ப்ஸ் ஃபியூஸ்னா போயிடும், 15 ஆம்ப்ஸ் ஃபியூஸ்னா தாங்கும் ஆனா சாக்கெட் கொதிக்கும். 48 வோல்ட் 3 ஆம்ப்ஸ்னா 15 ஆம்ப்ஸே தாண்டிடும், அத லைட்டர் சாக்கெட்ல சொருகவே சொருகாதீங்க. ட்ரிப்புக்குன்னு கம்பெனி சார்ஜர்லயே 2 ஆம்ப்ஸ் கெடச்சா அதுதான் பெஸ்ட், மெதுவா ஏறினா பேட்டரிக்கும் நல்லது.

ஃபியூஸ் எத்தன ஆம்ப்ஸ்னு எப்படி பாக்கிறது? ஸ்டியரிங்குக்கு கீழ முட்டி இடிக்கிற எடத்துல ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், பிச்சு எடுத்தீங்கன்னா உள் பக்கத்துல படம் போட்டு எது எதுக்குன்னு இருக்கும். அந்த குட்டி குட்டி கலர் ஃபியூஸ்ல செவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. எனக்கு மொத தடவ போனது செவப்பு, அந்த ஃபியூஸ உருவி வெளிச்சத்துல காட்டினா நடுவுல இருக்கிற வளைஞ்ச கம்பி அறுந்து கருகி நின்னுச்சு, கூடவே டேஷ்கேமும் செத்துப்போச்சு ஏன்னா ரெண்டும் ஒரே லைன். அப்ப வந்த ஆச என்ன தெரியுமா, மஞ்சள எடுத்து அங்க சொருகிடலாம்னு. செய்யவே கூடாது. ஃபியூஸ் காப்பாத்துறது உங்க சார்ஜர இல்ல, டேஷ்போர்டுக்குள்ள ஓடுற வயர. பெரிய ஃபியூஸ் போட்டா ஃபியூஸ் இருக்கும், வயர் உருகும்.

இப்ப இன்வெர்ட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் கார் இன்வெர்ட்டர்னு கேட்டா பத்து கடைல பத்து டப்பா எடுத்து வைப்பாங்க. நான் போனப்ப ஒரு கடைக்காரர் ஒண்ண கைல குடுத்து "சார் இது 500 வாட்ஸ் சார், மிக்ஸியே ஓட்டலாம்"ங்கிறாரு. பின்னாடி பாத்தா லைட்டர் ப்ளக் ஒட்டியிருக்கு. 500-ஐ 12-ஆல வகுத்து பாருங்க, 41 ஆம்ப்ஸ், எந்த கார் லைட்டர் சாக்கெட் 41 ஆம்ப்ஸ் தரும், டப்பா மேல போட்ட 500 ஒரு செகண்டுக்கு தாங்குற பீக், இல்லன்னா சும்மா அச்சடிச்சது. நமக்கு தேவ தொடர்ந்து 150 இல்ல 200 வாட் தர்ற ஒண்ணு, அவ்ளோதான். ப்யூர் சைன் வேவ், அதாவது வீட்டு கரண்ட் மாதிரியே சீரான அலையா தர்றதுன்னு கேட்டு வாங்குங்க, வெல கூட இருக்கும், பரவால்ல. விலை கம்மியா இருக்கிறதெல்லாம் மாடிஃபைடு சைன், அதுலயும் பல சார்ஜர் வேல செய்யும், ஆனா ங்ங்ங்னு ஒரு ரீங்காரம் வரும், வீட்ல போடுறத விட சார்ஜர் அதிகமா சூடாகும், சிலது ஆன் ஆகி ஆன் ஆகி ஆஃப் ஆகும். பேட்டரி வெலைய நெனச்சா இன்வெர்ட்டர்ல மிச்சம் பிடிக்கிறது வேஸ்ட்.

அப்புறம் அந்த தெருவுலயே 12 வோல்ட்ட 42 வோல்ட்டா ஏத்துற பூஸ்ட் போர்டு சின்னதா பச்ச கலர்ல விக்கும், இன்வெர்ட்டரே வேணாம் நேரா பேட்டரிக்கு குடுத்துடலாம் சார்னு சொல்லுவாங்க. கணக்குப்படி அது சரிதான், நடுவுல 230 வோல்ட்டுக்கு ஏத்தி எறக்குற நஷ்டம் இல்ல. ஆனா லித்தியம் பேட்டரிக்கு சார்ஜர் செய்றது வோல்ட் ஏத்துறது மட்டும் இல்ல, மொதல்ல கரண்ட்ட ஒரே அளவுல புடிச்சு வைக்கும், 42-ஐ தொட்டதும் வோல்ட்ட புடிச்சுகிட்டு கரண்ட்ட கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கும், கடசில நிறுத்தும். கரண்ட் லிமிட் இல்லாத போர்ட குடுத்தீங்கன்னா காலி பேட்டரி இழுக்கிற இழுப்புல போர்டு புகையும், வோல்ட் செட்டிங் திருகு ரோட்டு குலுக்கல்ல லேசா திரும்பினா 42 தாண்டிடும். பேட்டரிக்குள்ள இருக்கிற பிஎம்எஸ்ங்கிற பாதுகாப்பு போர்டு காப்பாத்தும்னு நம்பி அத கடைசி வேலியா இல்லாம மொத வேலியா வைக்கிறது எனக்கு பயம். எலெக்ட்ரானிக்ஸ் கைல பழகினவங்க, மல்டிமீட்டர் வச்சு பாத்துப் பாத்து செய்றவங்க பண்ணட்டும், என்ன கேட்டா கம்பெனி சார்ஜரும் ஒரு நல்ல இன்வெர்ட்டரும் போதும்.

இனி என் அசிங்கக் கதை. போன வருஷம் மகாபலிபுரத்துல காலைல ஓட்டி முடிச்சு, ரெண்டு பேட்டரில என்னோடது காலி. பார்க்கிங்ல வண்டிய நிறுத்தி சாவிய ஏசிசி பொசிஷன்ல, அதாவது இன்ஜின் ஓடாம சாக்கெட்டுக்கு கரண்ட் வர்ற எடத்துல வச்சு இன்வெர்ட்டர ஆன் பண்ணிட்டு, பீச்சு, டிபன், கடைல சிப்பி மால பேரம்னு ரெண்டு மணி நேரம் சுத்திட்டோம். வந்து பாத்தா சைக்கிள் பேட்டரி ஜம்முனு பாதி ஏறியிருக்கு. கார் செல்ஃப் எடுக்கல. கட் கட் கட்டுன்னு ஒரு சத்தம், டேஷ்போர்டு லைட்டெல்லாம் மங்கி அடங்குது. "ஏங்க, நான்தான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஒரு கொரல் பக்கத்து சீட்லேர்ந்து. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வேற, தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. டீக்கடைல நின்ன குட்டியானைக்காரர் "இன்னா சார், பேட்ரி டவுனா"ன்னு கேட்டு வண்டிய மூக்கோட மூக்கு கொண்டாந்து நிறுத்தி ஜம்ப்பர் போட்டு எடுத்துக் குடுத்தாரு. காசு வாங்கல, டீ மட்டும் குடிச்சாரு.

ஏன் ஆச்சுன்னு அப்புறம் கணக்கு போட்டேன். சின்ன கார் பேட்டரி 35 ஆம்ப் ஹவர், 12-ஆல பெருக்கினா 420 வாட் ஹவர். நான் மணிக்கு 110 வீதம் ரெண்டு மணி நேரத்துல 220 எடுத்துட்டேன், பாதிக்கு மேல. கார் பேட்டரிங்கிறது செல்ஃபுக்கு ஒரே அடியா நூறு ஆம்ப்ஸுக்கு மேல குடுக்கத்தான் செஞ்சது, உக்காந்து ஆழமா காலி பண்றதுக்கு இல்ல, நாலஞ்சு தடவ இப்படி பண்ணினா அது ஆயுசே போயிடும். இன்வெர்ட்டர்ல லோ பேட்டரி அலாரம் இருக்கேன்னு சொல்லாதீங்க, அது கத்துறது 10.5 வோல்ட் கிட்ட வந்தப்புறம், 12.2-லயே பேட்டரி பாதி காலி, 10.5-ல செல்ஃப் எங்க எடுக்கும்.

அதனால ரூல் ஒண்ணே ஒண்ணு, இன்ஜின் ஓடினா சார்ஜ், இன்ஜின் ஆஃப்னா ப்ளக்க உருவு. டிபனுக்கு நிறுத்தினாலும் உருவு. நிறுத்தின எடத்துல இன்ஜின ஐடில்ல ஓட விட்டு சார்ஜ் போடலாமேன்னு ஐடியா வரும், அதுவும் வேணாம், இன்ஜின் சுத்துறதுல கரண்ட் எடுக்கிற ஆல்டர்னேட்டர் ஐடில்ல பாதி பலத்துலதான் இருக்கும், ஏசி ஃபேனும் அதுலேர்ந்துதான் திங்கும், பெட்ரோல் சும்மா எரியும். மூடின பார்க்கிங்லயோ பேஸ்மெண்ட்லயோ அப்படி ஓட விட்டா கார்பன் மோனாக்சைடு சேரும், மணமே இல்லாத விஷம், அதுல வெளையாட்டு வேணாம்.

வரிசை இப்படி வச்சுக்கிட்டா தொல்ல இல்ல. வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் விடுங்க, செல்ஃப் எடுக்கும்போது வோல்ட் சடார்னு எறங்கும், அந்த நேரத்துல இன்வெர்ட்டர் சொருகியிருந்தா அதுக்கு நல்லதில்ல. அப்புறம் இன்வெர்ட்டர சாக்கெட்ல நல்லா அழுத்தி சொருகுங்க, லூசா இருந்தா அந்த நுனி ஸ்பிரிங் சூடாகி பிளாஸ்டிக்கே எளகும். பேட்டரில சார்ஜர் பின்ன மாட்டி, சார்ஜர இன்வெர்ட்டர்ல போட்டு, அப்புறம் இன்வெர்ட்டர் ஸ்விட்ச். செவப்பு லைட் வந்தா ஏறுதுன்னு அர்த்தம், பச்சையாயிட்டா முடிஞ்சுது. பத்து நிமிஷம் கழிச்சு பக்கத்துல இருக்கவங்கள அந்த ப்ளக்க தொட்டுப் பாக்க சொல்லுங்க, வெதுவெதுன்னா சரி, கைய எடுக்கிற அளவுக்கு சுட்டா கழட்டிடுங்க. சிக்னல்ல இன்ஜின் தானா ஆஃப் ஆகிற ஐடில் ஸ்டாப் இருக்கிற வண்டின்னா அந்த பட்டன அமுக்கி ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா திருவான்மியூர் தாண்டுறதுக்குள்ள இன்வெர்ட்டர் பத்து தடவ கீச்சுன்னு கத்தும்.

பேட்டரிய எங்க வைக்கிறதுங்கிறதுதான் நம்ம ஊருக்கு முக்கியம். லித்தியம் பேட்டரிய பொதுவா 45 டிகிரி வரைக்கும்தான் சார்ஜ் பண்ணலாம். கத்திரி வெயில்ல ஈசிஆர் ஓரமா ஒரு மணி நேரம் நிறுத்தின கார் உள்ள 60-ஐ சுலபமா தொடும், ஸ்டியரிங்க புடிக்கவே முடியாது, உங்களுக்கே தெரியும். அதனால வண்டிய எடுத்ததும் சார்ஜ் போடாதீங்க, ஏசி போட்டு உள்ள குளிர்ந்தப்புறம் போடுங்க. பின் சீட்டுக்கு முன்னாடி கால் வைக்கிற தரைல படுக்க வச்சா ஏசி காத்தும் படும், பிரேக் அடிச்சா உருண்டும் வராது. டிக்கில லக்கேஜுக்கு அடில சொருகுறது, டவல்ல சுத்துறது, மெத்து சீட் மேல சார்ஜர வைக்கிறது எல்லாம் தப்பு, சார்ஜருக்கும் இன்வெர்ட்டருக்கும் காத்து போகணும். இப்பதான் ஓட்டி எறங்கினீங்க, பேட்டரி கேஸ தொட்டா சுடுதுன்னா அர மணி நேரம் ஆற விட்டு போடுங்க. பின்னாடி கேரியர்ல சைக்கிள் மாட்டும்போது பேட்டரிய கழட்டி உள்ள எடுத்துக்கிட்டா ரெண்டரை மூணு கிலோ கேரியருக்கு கொறையும், மழையும் படாது. ஐப்பசி கார்த்திகைல இது ரொம்ப முக்கியம், சைக்கிள்ல பேட்டரி உக்காற்ற பின்னு மேல ஒரு பிளாஸ்டிக் கவர கட்டிடுங்க.

கீழ விழுந்து அடிபட்டது, உப்பினது, தண்ணில முங்கினது, இத மட்டும் காருக்குள்ள சார்ஜ் போடவே கூடாது. சார்ஜ்ல இருக்கும்போது இனிப்பா கெமிக்கல் வாட வந்தாலோ உஸ்ஸுன்னு சத்தம் கேட்டாலோ ஓரங்கட்டி எல்லாரும் எறங்கி தூரமா போயிடுங்க, புகையிற பேட்டரிய தூக்கி வெளில போடுறேன்னு ஹீரோ வேல பாக்காதீங்க, 112-க்கு ஃபோன் போடுங்க. நைட்டு கார்லயே தூங்குற ஆளுங்க, தூங்கும்போது சார்ஜ் வேணாம்.

இவ்ளோ பண்ணி எவ்ளோ கெடைக்கும்? என் பேட்டரி 36 வோல்ட் 10.2 ஆம்ப் ஹவர், 367 வாட் ஹவர் வருது. மகாபலிபுரம் டூ பாண்டி ரெண்டு மணி நேரம்னா மணிக்கு 84 வீதம் 168 ஏறும், பாதிக்கு கொஞ்சம் கம்மி. மிதிச்சுகிட்டே மோட்டார் அசிஸ்ட் வச்சு போனா எனக்கு கிலோமீட்டருக்கு பத்து வாட் ஹவர் ஆகுது, அப்ப பதினாறு பதினேழு கிலோமீட்டர், ஆரோவில்லுக்குள்ள ஒரு சுத்துக்கு தாராளம். த்ராட்டில மட்டும் திருகிட்டு உக்காந்துட்டு போறவங்களுக்கு பத்துதான் வரும். ரெண்டு பேட்டரின்னா ஒரே நேரத்துல ரெண்டையும் போட முடியாது, 16 ஆம்ப்ஸ் ஆயிடும், மரக்காணம் பக்கம் நிறுத்தும்போது மாத்திக்கோங்க. முழுசா காலியானது ஃபுல் ஆக அஞ்சு மணி நேரம் ஆகும், கடைசி பத்து பர்சென்ட் நத்த மாதிரி ஏறும், அதுக்காக காத்திருக்காதீங்க.

ஏலகிரி மாதிரி ட்ரிப்ல வேற கத. சென்னைலேர்ந்து 230 கிலோமீட்டர், ஆம்பூர்ல பிரியாணிக்கு நிறுத்தி போய் சேர்றதுக்கு அஞ்சு மணி நேரம், கீழேர்ந்து 14 கொண்டை ஊசி வளைவையும் சைக்கிள்ல ஏறினா பேட்டரி மொத்தமா தீந்துடும். வீட்லயே ஃபுல் பண்ணிட்டுதான போனோம், போகும்போது சார்ஜ் போட என்ன இருக்கு. திரும்பி வரும்போது போடலாம்னு நெனச்சா, அதுவும் எதுக்கு, வீட்டுக்குதான வர்றோம். பெட்ரோல் எரிச்சு ஆல்டர்னேட்டர்ல எடுக்கிற கரண்ட் ஓசின்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, ஒரு ஃபுல் சார்ஜுக்கு அர லிட்டருக்கு கொஞ்சம் கம்மியா பெட்ரோல் போகும், வீட்ல அதே அர யூனிட்தான்.

48 வோல்ட் பெரிய பேட்டரி வச்சிருக்கவங்களுக்கு வேற வழி, கார் பேட்டரிலேர்ந்து நேரா தனி லைன் இழுக்கிறது. புதுப்பேட்டைலயோ ஜிபி ரோட்லயோ நல்ல கார் எலெக்ட்ரீஷியன்கிட்ட குடுத்து செய்ங்க. 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், பாசிட்டிவ்ல பேட்டரிலேர்ந்து ஒரு ஜாணுக்குள்ள 30 ஆம்ப்ஸ் ஃபியூஸ், இன்ஜின் பக்கத்து தகட்டுல வயர் நுழையிற ஓட்டைல ரப்பர் வாஷர். ஃபியூஸ இன்வெர்ட்டர் பக்கம் வச்சுட்டு போறவங்க இருக்காங்க, நடுவுல வயர் உரசினா காப்பாத்த ஒண்ணும் இருக்காது, பக்கத்துல நின்னு பாருங்க. வாரண்டில இருக்கிற வண்டின்னா சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டு செய்ங்க.

எலெக்ட்ரிக் கார் வச்சிருக்கவங்க கொடுத்து வச்சவங்க, நெக்ஸான் ஈவி புது மாடல், அயோனிக் 5 மாதிரி வண்டில வெளில 230 வோல்ட் குடுக்கிற வசதி இருக்கு, அதுக்குன்னு அடாப்டர் இருக்கு, ரெண்டு சைக்கிளையும் பார்க்கிங்ல நிறுத்திட்டே சார்ஜ் போடலாம், ஒரு பேட்டரிக்கு ரேஞ்சுல ரெண்டு மூணு கிலோமீட்டர்தான் கொறையும்.

டிக்கில ஒரு பழைய டிபன் பேக்ல நான் வச்சிருக்கிறது: செவப்பு ஃபியூஸ் நாலு, நீலம் ரெண்டு, ஃபியூஸ் புடுங்க சின்ன மூக்கு பிளையர், ஜம்ப்பர் கேபிள், லைட்டர் சாக்கெட்ல சொருகினா வோல்ட் காட்டுற குட்டி மீட்டர். அப்புறம் ஒரு மூணு மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஏன்னா லாட்ஜ் ரூம்ல ப்ளக் பாயிண்ட் எப்பவும் கட்டிலுக்கு பின்னாடிதான் இருக்கும், கதவு பக்கத்துல கார்டு சொருகுற ரூம்னா வெளில போகும்போது கார்ட உருவினா கரண்டும் போயிடும், சார்ஜும் நின்னுடும், அந்த மாதிரி எடத்துல ஃப்ரிட்ஜ் சொருகியிருக்கிற ப்ளக்ல போடுங்க, அது மட்டும் பெரும்பாலும் கட் ஆகாது.